அடுத்தது எப்போது?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவரும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஆய்வுக் கட்டுரைகளில் அவருக்குப் பெயர் எஸ்.எம்., அவ்வளவுதான். உர்பாக்–வீத்தே என்ற மிக அரிதான மரபுநோய், அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் உள்ள அமிக்டலா என்ற சிறு பகுதியை அழித்துவிட்டது. அதோடு பயமும் போயிற்று. பாம்பு பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லிவந்தவரைப் பாம்புகள் விற்கும் கடைக்கு அழைத்துப்போனார்கள். அவரோ பாம்பைக் கையில் வாங்கி, அதன் நாக்கைத் தொட்டுப் பார்த்தார். ஆட்கள் பேய்வேடம் போட்டுப் பயமுறுத்தும் பழைய மருத்துவமனைக் கட்டடத்துக்குள் எல்லோருக்கும் முன்னால் நடந்துபோய், பேயாக நின்றவரின் தலையைக் குத்திப் பார்த்து அவரைத் திடுக்கிட வைத்தார். ஒருநாள் இரவு பூங்காவில் ஒருவன் கழுத்தில் கத்தியை வைத்தபோதுகூடப் பதறாமல் பேசிவிட்டு நடந்தே வீடு திரும்பினார். மறுநாளும் அந்தப் பூங்கா வழியாகத்தான் போனார்.

இப்படிப்பட்டவரின் முகத்தில் ஒரு முகமூடியைப் பொருத்தி, ஒரே ஒரு மூச்சு கரியமில வாயுவை இழுக்கச் சொன்னார்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம்தான் இருக்கும். முகமூடிக்குள் வந்ததில் 35 சதவீதம். ஒன்றும் ஆகாது என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் சில நொடிகளில் எஸ்.எம். மூச்சுத் திணறி, முகமூடியை நோக்கிக் கையை வீசி, காப்பாற்றச் சொல்லிக் கேட்டார். சிறுவயதுக்குப் பிறகு அவர் பயந்தது அதுவே முதல் முறை. அதே நோயால் அமிக்டலாவை இழந்த இரட்டைச் சகோதரிகள் இருவரிடமும் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே பீதி. ஒப்பீட்டுக்காக அழைத்துவந்த ஆரோக்கியமான 12 பேரில் 3 பேர்தான் பீதியடைந்தார்கள். 2013இல் இந்த முடிவுகள் வெளிவந்தபோது, 'பயத்தின் இருப்பிடம் அமிக்டலா' என்று எழுதிவைத்திருந்த பாடங்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

இந்தச் சோதனையில் எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது அந்த வாயுக் கலவைதான். 35 சதவீதம் கரியமில வாயு போக மீதி 65 சதவீதமும் ஆக்சிஜன். நாம் இப்போது இழுக்கும் காற்றில் இருப்பது 21 சதவீதம். ஆக, சோதனைக்கு உட்பட்டவர்களுக்கு வழக்கத்தைப் போல் மூன்று மடங்கு ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர்களுக்கு மூச்சு அடைத்துச் செத்துப்போவோம் என்று தோன்றியது. காரணம் எளிது. மூச்சு போதவில்லை என்பதை மூளைத்தண்டு முக்கியமாகக் கரியமில வாயுவை வைத்துத்தான் கணக்கிடுகிறது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கும்போது 'இனி முடியாது' என்று வெளியே தள்ளுவதும் ஆக்சிஜன் குறைந்ததால் அல்ல, கரியமில வாயு சேர்ந்ததால். இந்த எச்சரிக்கை அமிக்டலாவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஆனால் அந்த ஆய்வில் இரண்டாவதாக ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. செய்தித்தாள்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. முகமூடிக்குள் வாயு வருவதற்கு முன்பே ஆரோக்கியமானவர்களின் உடல் தயாராகத் தொடங்கியது. இதயத் துடிப்பு கூடியது, தோலில் வியர்வை கசிந்தது. அமிக்டலா இல்லாத மூவருக்கும் அது நடக்கவே இல்லை. ஒருமுறை சாவைத் தொட்டுவிட்டு வந்தவர்கள், இரண்டாவது முறை அதே முகமூடியைப் போட்டுக்கொண்டு எந்தக் கலக்கமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பீதி வந்தது, பீதிக்காகக் காத்திருப்பது மட்டும் அவர்களுக்கு வரவில்லை.

மனப்பதற்ற நோய்களைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினையைவிட நல்ல வாசல் இல்லை என்று நினைக்கிறேன். பீதித் தாக்குதல் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும், அது மட்டுமே நோய் ஆகாது. வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ அது வந்துபோனவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பெரும்பாலானோர் அதை மறந்தும்விடுவார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 'பீதி நோய்' என்று முத்திரை குத்த வைக்கும் நிபந்தனையைப் பாருங்கள்: எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வரும் தாக்குதல்கள், அதோடு 'அடுத்தது எப்போது' என்ற கவலையோ அதைத் தவிர்ப்பதற்காக மாற்றிக்கொண்ட நடவடிக்கையோ ஒரு மாதமாவது நீடிக்க வேண்டும். காத்திருக்கும் அந்த ஒரு மாதம் இல்லாமல் நோய்க்குப் பெயரே கிடையாது.

1871ஆம் ஆண்டில் இந்த நோயை இரண்டு மருத்துவர்கள், இரண்டு கண்டங்களில், ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் எழுதிவைத்தார்கள். ஒருவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜேக்கப் மெண்டெஸ் டா கோஸ்டா. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத் திணறல் என்று வந்த படைவீரர்கள் 300 பேரைப் பற்றி எழுதினார். தட்டிப் பார்த்தும் காது வைத்துக் கேட்டும் இதயத்தில் பெரும்பாலும் பழுது எதுவும் தென்படவில்லை. 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயர் வைத்தார். முதல் உலகப் போரிலும் அதே வீரர்கள் வேறு சீருடையில் வந்தார்கள். பெயர் மட்டும் 'படைவீரர் இதயம்' என்றும் 'முயற்சி நோய்க்குறி' என்றும் மாறியது. இன்னொருவர் பெர்லினின் கார்ல் வெஸ்ட்ஃபால். அவரிடம் வந்தவர்களுக்கு நெஞ்சைப் பற்றிப் பெரிதாகப் புகார் இல்லை. நகரத்தின் அகன்ற சதுக்கங்களைக் கடக்க முடியவில்லை, அவ்வளவுதான். கூட ஒருவர் வந்தாலோ, கையில் ஒரு கைத்தடி இருந்தாலோ ஓரளவு முடிந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் அகோராபோபியா.

டா கோஸ்டா தாக்குதலைப் பார்த்தார், வெஸ்ட்ஃபால் தவிர்ப்பைப் பார்த்தார். இரண்டும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள் என்று தெரிய இன்னும் 90 ஆண்டுகள் ஆயின.

தெரிய வைத்தது ஒரு செவிலியரின் கவனிப்பு. நியூயார்க்கின் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்ட் க்ளைன் என்ற இளம் மருத்துவர், 1950களின் இறுதியில் புதிதாக வந்திருந்த இமிப்ரமின் மாத்திரையைப் பல வகை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் நாள் தவறாமல் செவிலியர் அறைக்கு ஓடிவந்து, உயிர் போகிறது என்று கதறுபவர். மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டபின் கேட்டால், எந்தப் பலனும் இல்லை என்றார். க்ளைனுக்கும் மற்ற மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. வார்டு செவிலியர்தான் மறுத்தார்: இப்போதெல்லாம் இவர் ஓடிவருவதில்லையே! நோயாளியைக் கேட்டார்கள். ஓடிவந்து பயனில்லை என்று கற்றுக்கொண்டதாக அவர் சொன்னார். உண்மையில் தாக்குதலே நின்றுபோயிருந்தது. நின்றது அவருக்கே தெரியவில்லை, ஏனென்றால் 'எப்போது வருமோ' என்ற கலக்கம் அப்படியே இருந்தது. வெளியே தனியாகப் போகவும் மறுத்தார்.

தாக்குதல் வேறு, காத்திருக்கும் கலக்கம் வேறு, மாத்திரை முதலாவதைத்தான் நிறுத்துகிறது என்று க்ளைன் 1960களில் எழுதினார். அப்போதைய மனநல மருத்துவம் ஃபிராய்டின் நிழலில் இருந்தது. பதற்றம் எல்லாம் ஒன்றே, அளவுதான் வேறு என்பது அன்றைய நம்பிக்கை. க்ளைனின் வாதம் ஏற்கப்பட்டு, 1980இல் வெளிவந்த கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பீதி நோய் தனியாக இடம்பிடித்தது. அவர் போட்ட கோடு அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே இமிப்ரமின் நாள்பட்ட பொதுப் பதற்றத்துக்கும் பலன் தரும் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது வீண்போகவில்லை.

தாக்குதலின்போது என்னதான் நடக்கிறது? இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஓடுவதற்காகவோ சண்டைக்காகவோ உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அல்லது வங்கியில் வரிசையில் நிற்கிறார். ஓட்டம் இல்லாமல் மூச்சு மட்டும் வேகமானால் இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடும். இரத்தம் கொஞ்சம் காரத்தன்மை அடையும்; அதில் தனித்துத் திரியும் கால்சியம் குறையும்; விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும், கண்முன் இருப்பதெல்லாம் கனவுபோல் விலகி நிற்கும். நெஞ்சுத் தசைகள் இறுகி வலிக்கும். காற்று போதவில்லை என்று தோன்றும், அதனால் இன்னும் வேகமாக மூச்சு வாங்குவார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 98 காட்டும். இது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் ஒருவருக்குத் தன் சாவு கண்ணெதிரே தெரிகிறது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உடலின் இந்த ஆட்டம் எல்லோருக்கும் வருவதுதான். மாடிப்படி ஏறினால் வருகிறது, காபி அதிகமானால் வருகிறது. பிறகு ஏன் சிலரிடம் மட்டும் அது பீதியாகிறது? ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் இதற்கு ஒரு விடை சொன்னார். உடலில் ஏதோ ஓர் அசைவு. அதை மனம் பேராபத்து என்று வாசிக்கிறது. அந்த வாசிப்பே பயத்தைக் கிளப்புகிறது. பயம் அசைவைக் கூட்டுகிறது. கூடியது முதல் வாசிப்பை உறுதிசெய்கிறது. படபடப்பு என்றால் மாரடைப்பு, கிறுகிறுப்பு என்றால் மயங்கி விழப்போகிறோம், எதுவும் நிஜமாகத் தோன்றாவிட்டால் பைத்தியம் பிடிக்கப்போகிறது. சுழல் ஒருமுறை சுற்றினால் போதும், அடுத்த முறை நாடியின் ஒரே ஒரு தவறிய துடிப்புக்கும் ஆள் விழித்துக்கொள்வார். பரம்பரையின் பங்கும் உண்டு. ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக மரபணுக்களால் வருவதாக இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வாசிப்பை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது என்பதால் மருத்துவர்கள் வாசிப்பின் பக்கமே போனார்கள்.

வாசிப்பு எவ்வளவு பலமானது என்பதற்கு 1989இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாண்டர்சன், ரேப்பி, பார்லோ ஆகிய மூவர் செய்தது. பீதி நோய் உள்ள 20 பேருக்கு 5.5 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை 15 நிமிடம் கொடுத்தார்கள். முன்னால் ஒரு விளக்கு, பக்கத்தில் திருகும் குமிழ் ஒன்று. விளக்கு எரியும்போது மட்டும் குமிழைத் திருகினால் வாயுவைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் முடிந்தவரை திருகாமல் இருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். பாதிப் பேருக்கு விளக்கு எரிந்தது, பாதிப் பேருக்கு எரியவில்லை. விளக்கு எரியாத 10 பேரில் 8 பேருக்குப் பீதித் தாக்குதல் வந்தது. எரிந்த 10 பேரில் 2 பேருக்குத்தான். இத்தனைக்கும் அந்தக் குமிழ் எதனோடும் இணைக்கப்படவில்லை. திருகினாலும் ஒன்றும் குறைந்திருக்காது. இரு தரப்பின் நுரையீரலுக்குள்ளும் போனது ஒரே காற்று.

இந்த முடிவு நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும்தான். நல்லது என்னவென்றால், கட்டுப்பாடு கையில் இருக்கிறது என்ற நினைப்பே தாக்குதலைத் தடுத்துவிடும். கெட்டதும் அதுவே. எதனோடும் இணைக்கப்படாத குமிழ்களை மனிதர்கள் தாங்களே செய்துகொள்வார்கள். சட்டைப்பையில் அரை மாத்திரை. கைப்பையில் எப்போதும் தண்ணீர்ப் புட்டி. பேருந்தில் படிக்குப் பக்கத்து இருக்கை. போகிற வழியில் எந்தெந்த மருத்துவமனை 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்ற மனக்கணக்கு. கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இன்றைக்கும் சிலர் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இரவில் மூன்று முறை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவார்கள். மந்திரித்துக் கட்டிய கயிறும் இந்த வரிசையில்தான் வரும். கயிறு சில நாள் நிம்மதி தருவது பொய்யில்லை, குமிழ் தந்த நிம்மதியைப் போலவே. கயிறு அறுந்த அன்று என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

பிரிட்டனின் பால் சால்கோவ்ஸ்கிஸ் போன்றவர்கள் இவற்றைப் 'பாதுகாப்பு நடத்தைகள்' என்று அழைத்தார்கள். தபால்காரரைப் பார்த்துத் தினமும் குரைக்கும் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். நாயைப் பொறுத்தவரை, தான் குரைத்ததால்தான் வீடு தப்பியது. நூறு முறை மயக்கம் வரும்போல் இருந்து, நூறு முறையும் கடையைவிட்டு வெளியே ஓடியவருக்கு, மயங்கி விழவே இல்லை என்ற நூறு சான்றுகள் கிடைத்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தவையோ 'தக்க நேரத்தில் ஓடியதால் தப்பித்தேன்' என்ற நூறு சான்றுகள். (பீதியில் இரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வர அது இறங்க வேண்டும், ஆகவே பீதியில் மயங்கி விழுவது மிக அரிது. ஊசியையோ இரத்தத்தையோ பார்த்தால் மட்டும் விழுபவர்கள் தனி ரகம்.) வெளியேறிய நொடியில் கிடைக்கும் ஆறுதல்தான் நோய்க்குத் தீனி. முதலில் தியேட்டர் நிற்கும், பிறகு ரயில், பிறகு கல்யாண வீடு, கடைசியில் தெருமுனைக் கடை. ஆளுக்குத் தெரியாமலே உலகம் சுருங்கிக்கொண்டு வரும்.

நம் ஊரில் இவர்கள் மனநல மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் பெரிய சுற்று சுற்றிவிடுகிறார்கள். நள்ளிரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவு, இசிஜி, இரத்தப் பரிசோதனை, எல்லாம் நார்மல். மறுவாரம் எக்கோ, டிரெட்மில். பிறகு வாயுத் தொல்லையாக இருக்குமோ என்று எண்டோஸ்கோபி. இந்தப் பரிசோதனைகளில் முதல் சில தேவைதான். நெஞ்சுவலியைப் பீதி என்று வீட்டிலேயே முடிவுசெய்வது ஆபத்து. தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமா எல்லாமே இதே வேடத்தில் வரும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியத்தை இப்போது பரிந்துரைக்காததற்கும் அதுவே காரணம்: உண்மையில் ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் பை உயிரை வாங்கிவிடும். என் குறை பரிசோதனைகளின் மேல் இல்லை, அவற்றின் முடிவில் சொல்லப்படும் அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான். 'உங்களுக்கு ஒண்ணுமில்லை.' உயிர் போய்விடும்போல் நெஞ்சு அடைத்தவரிடம் ஒண்ணுமில்லை என்றால் அவர் நினைப்பது இரண்டில் ஒன்றைத்தான்: மருத்துவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, அல்லது நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார். 'இதயத்தில் கோளாறு இல்லை. ஆனால் உங்களுக்கு வந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது' என்று சொல்ல இன்னும் அரை நிமிடம் கூடுதலாகும்.

பீதி நோய் இந்தக் குடும்பத்தில் ஒன்று மட்டுமே. நாலு பேர் முன்னால் பேசவோ சாப்பிடவோ கையெழுத்துப் போடவோ நடுங்கும் சமூகப் பதற்றம், மாதக்கணக்கில் எல்லாவற்றுக்கும் கவலைப்படும் பொதுப் பதற்றம், உயரத்துக்கும் நாய்க்கும் லிஃப்டுக்கும் தனித்தனியாக உள்ள அச்சங்கள் எல்லாம் சேர்ந்து, 2019இல் உலகில் சுமார் 30 கோடிப் பேருக்கு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மனநோய்களில் இதுவே எண்ணிக்கையில் முதலிடம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நால்வரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது. ஒவ்வொன்றின் தோற்றமும் வேறு, உள்ளே இருக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். சமூகப் பதற்றம் உள்ளவர் கூட்டத்தில் வாயைத் திறப்பதே இல்லை, திறந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பொதுப் பதற்றம் உள்ளவருக்குக் கவலைப்படுவதே பாதுகாப்பு. தான் கவலைப்பட்டதால்தான் மகன் பத்திரமாக வீடு திரும்பினான் என்று அவருடைய உள்மனம் கணக்கு எழுதிவைத்திருக்கும்.

தவிர்ப்புதான் தீனி என்றால் சிகிச்சை எந்தத் திசையில் போகும் என்பதை ஊகிக்கலாம். ஊகிப்பது எளிது, செய்வது அப்படியல்ல. இந்தத் திசையைச் சாதாரண மக்களுக்கு முதலில் எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் கிளேர் வீக்ஸ். பல்லிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து முனைவரான விலங்கியலாளர் அவர். மருத்துவம் படித்தது பிறகுதான். இளம் வயதில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள். சானடோரியத்தில் தன் நெஞ்சையே கவனித்துக்கொண்டு கிடந்து படபடப்பு ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவரிடம் அதைச் சொன்னபோது, பதுங்குகுழியில் எங்களுக்கும் இதயம் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், அது வெறும் பயம் என்று அவர் சொன்னார். டா கோஸ்டாவின் படைவீரர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துச் செய்த கைம்மாறு என்று இதை வைத்துக்கொள்ளலாம். வீக்ஸ் 1962இல் எழுதிய புத்தகத்தின் சாரம்: படபடப்போடு சண்டை போடாதே, வரட்டும், அதன்மேல் மிதந்துகொண்டு செய்கிற வேலையைச் செய், காலம் கடக்கட்டும். பேராசிரியர்கள் பல ஆண்டுகள் அவரைப் பொருட்படுத்தவில்லை. பின்னால் ஆய்வகங்கள் உறுதிசெய்தது கிட்டத்தட்ட அதையேதான்.

இன்றைய சிகிச்சை அறை வேடிக்கையாகவே இருக்கும். சிகிச்சையாளரும் நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு வாங்குவார்கள். சுழல்நாற்காலியில் சுற்றுவார்கள். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சுவிடுவார்கள். படிக்கட்டில் ஏறி இறங்குவார்கள். கை மரத்துப்போகும், தலை சுற்றும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். நோயாளி பயந்துகொண்டிருந்த அத்தனையும் அவர் கையாலேயே வரவழைக்கப்பட்டு, அதன் முடிவில் மாரடைப்பு வரவில்லை என்பதும் பார்க்கப்படும். தொடங்கும் முன்பு ஒரு தாளில் எழுதச் சொல்வார்கள்: என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? முடிந்தபின் இன்னொரு வரி: என்ன ஆனது? இரண்டு வரிக்கும் உள்ள இடைவெளிதான் மருந்து. பிறகு பேருந்து, பிறகு கடைத்தெரு, பிறகு ரயில். தண்ணீர்ப் புட்டி வீட்டில் இருக்கும்.

பழைய பயம் இதனால் அழிந்துபோவதில்லை. பாவ்லோவ் தன் நாய்களிடமே கண்டார்: மணியடித்தும் உணவு வராமல் பழகி எச்சில் நின்றுபோன நாய்க்கு, சில நாள் இடைவெளிக்குப் பின் மணியடித்தால் எச்சில் திரும்பவும் ஊறியது. மூளையின் முன்பகுதி புதிதாக ஒரு நினைவைக் கற்றுப் பழையதன்மேல் அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவே. அதனால்தான் ஒரே கடையில் பத்து முறை நின்று பழகுவதைவிடப் பத்து வெவ்வேறு இடங்களில் நிற்பது மேல். தூக்கம் கெட்ட வாரத்திலோ வீட்டில் சாவு விழுந்த மாதத்திலோ பீதி எட்டிப்பார்த்தால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை.

மருந்துகளும் பலன் தருகின்றன. இப்போது முதலில் கொடுப்பது செரட்டோனின் வகை மாத்திரைகளை. இவை வேலைசெய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லாததால் நான்காம் நாளே மாத்திரையைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. இன்னொரு வகை, 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் சந்தைக்கு வந்த பென்சோடயசெபின்கள். அல்பிரசோலம் அந்த வம்சம். அரைமணி நேரத்தில் அமைதி தரும், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சில வாரங்களில் உடல் பழகிவிடும், நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். இந்தியாவில் இது எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். 'போன தடவை கொடுத்த அதே தூக்க மாத்திரை' என்று கேட்டு வாங்கிப்போகிறவர்கள் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்களா என்பது வேறு விஷயம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறியவருக்கு ரயில் பயம் தெளிவதில்லை. காப்பாற்றியது மாத்திரை என்றுதான் அவர் வீடு திரும்புவார். நீண்ட காலமாகச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து நாள் முழுவதும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

வீட்டில் உள்ளவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது, அது அன்புக்கு எதிரானதுபோல் தோன்றும். தனியாகப் போகப் பயப்படும் அண்ணனோடு தம்பி போகிறான், மனைவியோடு கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறார். வெஸ்ட்ஃபாலின் நோயாளி கையில் இருந்த கைத்தடியாக அவர்கள் மாறிவிடுகிறார்கள். துணையை ஒரேயடியாக விலக்கினால் ஆள் வெளியே வரவே மாட்டார், விலக்காமலே இருந்தால் தனியாகப் போகவே மாட்டார். ஆகவே சிகிச்சையாளரோடு உட்கார்ந்து துணையையும் மாத்திரையைப் போலவே படிப்படியாகக் குறைக்கத் திட்டம் போடுகிறார்கள். முதல் வாரம் பக்கத்து இருக்கையில், அடுத்த வாரம் அதே பேருந்தில் பின்னால் தள்ளி, அதற்கடுத்து அடுத்த பேருந்தில், பிறகு இறங்கும் நிறுத்தத்தில் காத்துக்கொண்டு. அதற்குப் பிறகு வீட்டிலேயே, கைபேசியை எடுக்கத் தயாராக. கடைசி வாரத்தில் 'போய்ச் சேர்ந்தாச்சா' என்று கேட்கும் அழைப்பும் கிடையாது. மாலையில் வந்தபிறகு கேட்டுக்கொள்ளலாம்.